அறுபது மீட்டர்

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலையில் மழை, பத்து மணிக்கு விட்டது. வில்லின் நாண் கழற்றியாயிற்று. பை கட்டிலுக்குக் கீழே. அம்புகள் பதினொன்று. காலையில் பன்னிரண்டு.

எழுதாமல் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை. இந்த குட்மேய்ஸ் வீட்டுச் சுவர்கள் வெறும் அட்டை. பேனா கீறுகிற சத்தம்கூட அந்தப் பக்கம் கேட்குமோ என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து நாலு வருடம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில்தான் நினைக்கிறேன். பயந்தால் மட்டும் தமிழ்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை. கிளப்பில் இந்த வருடத்தின் கடைசி வெளிமைதானப் போட்டி. அறுபது மீட்டர். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் நான் முதலாவது. கடைசிச் சுற்றில் ஆறு அம்பில் நாலு, வைக்கோல் இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில். கோச் டெனிஸ், ஸ்வெட்டரில் எப்போதும் பிஸ்கட் துகள் ஒட்டியிருக்கும் கிழவர், "இன்றைக்கு உன் கை கல்லாக நின்றது" என்றார். வழக்கமாக அவர் வாயிலிருந்து "பரவாயில்லை" மட்டும்தான் வரும்.

மத்தியானம். மைதானத்திலிருந்து நேரே பெரியம்மா வீடு, வில்லும் பையுமாக. ரொம்ஃபோர்டுக்கும் அப்பால். அவர்கள் பின்வேலிக்கு வெளியே கவுன்சில் புல்வெளி, அது முடிகிற இடத்தில் காடு. அந்தப் பக்கத்து மான்கள் ரோட்டில் ஆடுமாடு போலத் திரியும். பெரியப்பாவின் பூசணிக்கொடியைப் போன கிழமை வேரோடு தின்றுவிட்டன. சாப்பாட்டு மேசையில் அதுதான் கதை.

பெரியப்பா (இனி பெ.பா.): "இவ்வளவு மெடல் வாங்கி வைச்சிருக்கிறாய் வைஷு, ஒரு மானை விழுத்தித் தா பாப்பம். பங்கு போட்டுக் கறி வைப்பம்."

பெரியம்மா: "சாப்பிடேக்கை கதைக்கிற கதையே இது? பிள்ளைக்கு அந்தக் கத்தரிக்காயைத் தள்ளுங்கோ."

அப்பா: "எங்கடை ஆள் வைக்கோலுக்குத்தான் கெட்டிக்காரி. வைக்கோல் ஓடாதெல்லே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு சின்ன மாமாவின் வீடியோ. அம்மாவின் தம்பி, கனடாவில் இருக்கிறார். அங்கே லைசன்ஸ் எடுத்து வில்லால் வேட்டையாடலாம். எழுபது மீட்டரிலிருந்து ஒரே அம்பு, மான் இரண்டு பாய்ச்சல் பாய்ந்து விழுந்தது. பெ.பா. அதை டிவியில் போட்டுக் காட்டினார். "உவன்தான் வில்லுக்காரன்!" என்றார். எனக்குக் காது சுட்டது. மெடல் என் ஜாக்கெட் பையில் இருந்தது. இன்னும் யாருக்கும் காட்டியிருக்கவில்லை.

"வில்லுக் காய வைச்சிட்டு வாறன்" என்று பின்வளவுக்குப் போனேன். அது பொய்யும் இல்லை, வில் ஈரம்தான். ஈரத்தைக் காய வைக்க நாண் பூட்டத் தேவையில்லை. பூட்டினேன்.

வேலிக்கு வெளியே, புல்லின் விளிம்பில், பக்கவாட்டில் ஒரு பெண்மான். குனிந்து மேய்ந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள். தூரத்தைக் கண்ணால் அளந்தேன். அறுபது. அது எனக்குத் தெரியும், வாரம் மூன்று தரம் பார்க்கிற தூரம். வில்லில் குறிபார்க்கிற சைட் காலையில் வைத்தபடியே அறுபதில் நின்றது. அதனால் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு திருகாணியைத் திருப்ப வேண்டியிருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ? தெரியாது.

கொல்வது என்று நினைக்கவில்லை. மஞ்சள் என்று நினைத்தேன். தோளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிற மாதிரி.

விட்டேன். விட்ட உடனே தலை நிமிர்ந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தது. அம்பு பின்தொடையில். வைக்கோலில் குத்துகிற சத்தம் இல்லை, வேறு சத்தம். விழவில்லை. காட்டுப் பக்கம் ஓடவுமில்லை. இடது பக்கமாக, கவுன்சில் பூட்டிப் போட்டிருக்கும் பழைய அலொட்மெண்ட் தோட்டத்துக்குள், கம்பிவேலி கிழிந்த இடத்தால் நுழைந்து முள்ளுப் பற்றைக்குள் போய்விட்டது. அம்பின் சிவப்பு இறகு மேலும் கீழும் ஆடிக்கொண்டு போனது.

உள்ளே வந்து கை கழுவினேன். பெரியம்மா தேத்தண்ணியும் வடையும் தந்தார். வடை இரண்டு சாப்பிட்டேன். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டேன்.


ஒக்டோபர் 6, திங்கள்

குளிர். அம்மா காலையில்: "என்னடி முகம் வீங்கிக் கிடக்குது? இரவு முழுக்க போன் பாத்தனியோ?"

"இல்லையம்மா."

"இல்லையாம். சாப்பாட்டுப் பெட்டியை எடு, கெதியா. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகுது."

பஸ்ஸில் இருந்து போனில் தேடிப் பார்த்தேன். இந்த நாட்டில் மானுக்கு அம்பு விடுவதே குற்றம். கிட்ட நின்றாலும், தூர நின்றாலும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளப்பில் சேர்ந்த முதல் நாளே உயிருள்ள எதையும் நோக்கி வில்லைத் தூக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அம்மா மொழிபெயர்க்கச் சொன்னார். நான்தான் வாசித்துச் சொன்னேன்.

பௌதிகவியல் பாடத்தில் கணக்கு, நானாகவே, பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில். அறுபது மீட்டர் போக என் அம்புக்கு ஒரு செக்கனுக்கு மேல் வேண்டும். நாணின் சத்தத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கும் வேண்டாம். அம்பு பாதி வழி வருவதற்குள்ளேயே அது கேட்டுவிட்டது. கேட்டால் அசையும். எந்த உயிரும் அசையும். என் கை கல்லாக நின்றதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று. எங்கள் அம்பின் முனை வைக்கோலில் குத்தி நிற்கச் செய்தது, மொட்டை. மாமாவின் அம்பில் சவர அலகு மாதிரித் தகடுகள். அவருடையது வெட்டும். என்னுடையது குத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இப்போதும் நிற்கிறது.

அதில் என் பெயர் இருக்கிறது. கிளப் விதி: ஒவ்வொரு அம்பிலும் உரியவரின் முதலெழுத்துகள். V.N. அம்மாவின் வெள்ளை நகப்பூச்சால் நானே எழுதினேன், வடிவாக.


ஒக்டோபர் 7, செவ்வாய்

பெரியம்மா குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினார். அடுத்த வீட்டு மொரீனின் கமெராவில் விழுந்ததாம், விடியற்காலை. வேலியோரம் மான், தொடையில் தடி மாதிரி ஒன்று. படம் கலங்கல். இறகின் நிறம் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூன்று காலில் நிற்கிறது.

மொரீன் மான்களுக்கு அப்பிள் வெட்டிப் போடுகிறவர். அதற்காக பெ.பா.வுக்கும் அவருக்கும் கோடை முழுக்கச் சண்டை. "நீ அப்பிள் போடுறாய், அது என்ரை பூசணியிலை வந்து நிக்குது." அந்தத் தெருவுக்கே அது தெரியும்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு: "ஆர் செய்த வேலை? கை விளங்காமல் போக."

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.


ஒக்டோபர் 8, புதன்

சிறு தூறல். கிளப், உள்ளரங்கப் பயிற்சி தொடக்கம். டெனிஸ் எல்லாருடைய அம்புகளையும் பார்த்தார், வெடிப்பு இருக்கிறதா என்று. "பன்னிரண்டாவது எங்கே?"

"ஞாயிறு புல்லில் போய்விட்டது" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

கிளப்பில் ஒரு வழக்கம். அம்பு காணாமல் போனால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எல்லாரும் தோளோடு தோள் வரிசையாக நின்று, புல்லைக் காலால் தடவித் தடவி நடப்போம். மழை பெய்தாலும், இருட்டினாலும். புல் வெட்டும் இயந்திரம் ஏறினாலோ, நாய் மிதித்தாலோ என்ன ஆகும் என்று டெனிஸ் சொல்வார். விட்டவர்தான் தேட வேண்டும், மற்றவர்கள் கூட நிற்பார்கள். போன வருடம் ஒரு டாக்டர் தனக்கு அவசரம் என்று காரில் ஏறப் போனார். டெனிஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் மோசம். "ஞாயிறு காலை எல்லாரையும் வரச் சொல்கிறேன். மெட்டல் டிடெக்டரும் கொண்டு வருகிறேன். கண்டுபிடித்துவிடலாம், கவலைப்படாதே."

எல்லாரும் ஓம் என்றார்கள். முழங்கால் வலியென்று கதிரையில் இருந்து எய்கிற அந்த மனுசிகூட வருகிறேன் என்றார். அங்கே இல்லாத அம்புக்கு.

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு செய்தி. "மாமா, அம்பு பட்டும் விழாத மான் என்ன ஆகும்?"

சிரிப்புப் படம் ஒன்று. "ஏன் மருமகள், நீயும் லைசன்ஸ் எடுக்கப் போறியோ?"

பதில் போடவில்லை. இரவு அவரிடமிருந்து குரல் செய்தி. போர்வைக்குள் காதோடு வைத்துக் கேட்டேன். எங்கேயோ காரில் இருந்து பேசுகிறார், இண்டிகேட்டர் டிக்டிக் என்கிறது.

"வைஷு, நீ கேட்டாய் எண்டு சொல்லுறன். அந்த வீடியோ எடுத்த வருசம் நான் தூரத்திலை நிண்டு நாலு மானுக்கு விட்டனான். ஒண்டுதான் விழுந்தது. விழுந்ததைத்தானே வீடியோ போடுவினம். மற்றதுகளைத் தேடினனான்... இருட்டிப் போச்சுது. அடுத்த நாள் வேலை. இப்ப நான் கிட்ட வராட்டி விடுறேல்லை. இதை அக்காவுக்குச் சொல்லாதை."

அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிற இன்னொரு ஆள், என்னைப் போல.


ஒக்டோபர் 9, வியாழன்

பலத்த மழை. அது மழையில் கிடக்கிறது.

பெ.பா. வீட்டுக்கு பொலிஸ் வந்தது. இரண்டு பேர், மரியாதையாகத்தான் கேட்டார்களாம்: வில் இருக்கிறதா, மான்களோடு பிரச்சினையா. ஷெட்டைத் திறந்து பார்த்தார்கள். மண்வெட்டியும் பழைய சைக்கிளும். மொரீன் தன் வாசலில் கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாராம்.

பெ.பா. போனில் அப்பாவிடம் சொல்கிறார், ஸ்பீக்கரில்: "நான் சொன்னன், என்னட்டை இருக்கிற ஒரே ஆயுதம் என்ரை மனுசியின்ரை வாய்தான் எண்டு. அவங்களுக்குப் பகிடி விளங்கேல்லை." அப்பா சிரித்தார். பிறகு பெ.பா.வின் குரல் இறங்கியது. "இருவத்தஞ்சு வருசம் பக்கத்து வீடு. ஸ்னோ கொட்டேக்கை அவவின்ரை வாசலை ஆர் வழிச்சது? இண்டைக்குச் சொல்லுறா, 'இங்கே நாங்கள் அப்படிச் செய்வதில்லை' எண்டு. நாங்களாம்."

காட்டுக்குள் நாயோடு ஆட்கள் தேடுகிறார்களாம், மான்களைப் பொறுப்பாகப் பார்க்கிற ஒருவரும் தொண்டர்களும். காட்டுக்குள். எல்லாரும் காட்டுக்குள். அலொட்மெண்ட் பூட்டிக் கிடக்கிறது, அங்கே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது எந்தப் பக்கம் ஓடியது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அரை மணி கழித்து என் போனுக்கே பெ.பா.

"பிள்ளை, அண்டைக்கு நீ வில்லுக் காய வைக்கப் பின்னுக்குப் போனனியெல்லே?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை. நீயும் ஒண்டும் சொல்லாதை. உனக்கு சோதனை வருது. அது எங்கையாவது பத்தைக்கை போய்ச் செத்திருக்கும், முடிஞ்சுது. திருப்பி அவங்கள் வந்தா நான் பாத்துக்கொள்ளுறன். என்னை என்ன செய்யப் போறாங்கள்?"

"பெரியப்பா..."

"நான்தானே விழுத்தித் தா எண்டு கேட்டனான். வை போனை."


ஒக்டோபர் 10, வெள்ளி

மழை இல்லை. பள்ளியில் ஒன்றும் ஏறவில்லை.

சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள்: சோதனை. கிளப்பில் இருந்து நீக்குவார்கள், வில் போய்விடும். அப்பா அம்மா முகம். பொலிஸை ரோட்டில் கண்டாலே அம்மா பையை இறுக்கிப் பிடிப்பார். எங்கள் விசாவுக்கு ஏதாவது வருமோ, தெரியாது, யாரைக் கேட்பது.

மற்றப் பக்கம்: அது செத்திராவிட்டால்?

பின்தொடை என்றால் நாள்கணக்கில் இருக்குமாம். வாசித்தேன். வேட்டைக்காரர்கள் சண்டை பிடிக்கிற இணையப் பக்கங்களில் எத்தனையோ எழுத்து, எவ்வளவு தூரத்தில் இருந்து விடலாம் என்று. இருபது என்கிறான் ஒருவன். பழகினால் எண்பதும் சரி என்கிறான் இன்னொருவன். எல்லாரும் தங்கள் கையைப் பற்றி, வில்லைப் பற்றி, எத்தனை வருடப் பழக்கம் என்பதைப் பற்றி. நானும் அப்படித்தான் அளந்தேன். என் கை. என் தூரம். அந்தப் பக்கம் நின்றது புல் மென்றுகொண்டிருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பெ.பா. பழியை வாங்கிக்கொள்வார். உண்மையாகவே வாங்குவார், அவர் அப்படி ஆள். அப்போதும் அந்த முள்ளுக்குள் போய் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டெனிஸ் குழுவில் எழுதியிருக்கிறார்: ஞாயிறு ஒன்பது மணி, வைஷ்ணவியின் அம்பு, பூட்ஸ் போட்டு வரவும். பத்துப் பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.

விட்டவர்தான் தேட வேண்டும்.

நாளை சனி, தமிழ் வகுப்பு. போகிற மாதிரிப் புறப்படலாம்.


ஒக்டோபர் 11, சனி

தூறல், விடாமல். டெனிஸுக்கு செய்தி போட்டாயிற்று: யாரும் வர வேண்டாம், அம்பு அங்கே இல்லை, எங்கே இருந்தது என்று நேரில் வந்து சொல்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நடந்தது.

தமிழ்ப் புத்தகத்துக்குள் ஒரு அம்பை வைத்து, நீட்டிக்கொண்டிருந்த பாதியைக் குடைக்குள் செருகி, ரயில், பிறகு பஸ். பெ.பா. வீட்டைக் கடக்கும்போது குனிந்து நடந்தேன். மொரீன் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்ததும் சொல்ல வைத்திருந்த வசனம் மறந்துபோனது. அம்பை நீட்டினேன்.

"இதே மாதிரி ஒன்றுதான் அதில் இருக்கிறது. அதில் என் பெயர் இருக்கும். பெரியப்பா இல்லை. நான்."

அவர் அம்பை வாங்கவில்லை. என் ஈரச் சப்பாத்தைப் பார்த்தார். "உனக்கு எத்தனை வயது?"

"பதினைந்து. அது காட்டுக்குப் போகவில்லை. அலொட்மெண்டுக்குள் போனது. அங்கே யாரும் பார்க்கவில்லை."

"ஆறு நாள்" என்றார். கத்தவில்லை. "ஆறு நாளாக உனக்குத் தெரியும்."

"ஓம்" என்று சொன்னேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில்.

உள்ளே போய் போன் எடுத்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது பூட்ஸ் போட்டிருந்தார்.

மான்களைப் பார்க்கிற அந்த மனிதர் வந்தார், கூட ஒரு பொலிஸ் பெண். அவர் தோளில், நீளப் பைக்குள், சுடுகிற துவக்கு. கிழிந்த வேலியைக் காட்டினேன். அந்த மனிதர் மட்டும் உள்ளே போனார், முள்ளை விலக்கி, மெதுவாக. கொஞ்சத்தில் கை தூக்கினார். இருக்கிறது. உயிரோடு.

அவர் உடனே ஒன்றும் செய்யவில்லை. இன்னும் கிட்டப் போனார். முழங்காலில் இருந்தார். பிறகும் காத்திருந்தார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஏன் இவ்வளவு நேரம் என்று. அவ்வளவு கிட்ட இருந்தும் அவர் காத்திருந்தார்.

பின்னேரம் அப்பா என்னை ஏற்ற வந்தார். வீடு வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு: "வைக்கோல் எண்டு நான் பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை." அம்மா சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அப்பாவோடு பொலிஸ் நிலையம் போக வேண்டும். வில்லைப் பொலிஸார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பதினொரு அம்பையும்.

இதை எழுதாமல் விட்டால் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் போவேன்.

அவர் காத்திருந்தபோது மொரீன் என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். "பார்க்காதே." திருப்பியதும் எனக்குத் தெரிந்தது, நான் நின்றது அது அன்று மேய்ந்த அதே புல். எதிரே பெரியம்மா வீட்டுப் பின்வேலி. நான் வில்லோடு நின்ற இடத்தில் ஒரு ஆள், மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களையே பார்த்தபடி. பெரியப்பாவா, பெரியம்மாவா? கண்ணை இடுக்கிப் பார்த்தேன். என் கண் நல்ல கண், டெனிஸே சொல்வார். அறுபது மீட்டர். முகம் தெரியவில்லை.

பின்னால் வெடிச் சத்தம் கேட்டது, ஒன்றுதான். அந்த ஆள் ஒரு கையைத் தூக்கினார். யார் என்று எனக்குத் தெரியவில்லை.